படத்தில் விழாத வேர்

என் பல்லுக்கு மூன்றாவதாக ஒரு வேர் இருக்கிறது என்று எனக்கு முதன்முதலில் சொன்னது, உள்ளே இருக்கிறார்களே செண்பகவல்லி டாக்டர், அவர்கள்தான். போன செவ்வாய்க்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், அந்தச் சாய்வு நாற்காலியில் நான் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும்போது சொன்னார்கள். அதுவரைக்கும் ஒருத்தரும் சொல்லவில்லை. என் பல்லுக்கு என்ன இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

நீங்க பேசாதீங்க. பஞ்சைக் கடித்துக்கொண்டு பேசினால் ரத்தம் நிற்காது என்று நர்ஸ் பிள்ளை உங்களிடம் சொன்னதை நானும் கேட்டேன். தலையை மட்டும் ஆட்டுங்க, போதும். எனக்கு இப்போதுதான் ஊசி போட்டார்கள். மரத்துப் போகிற வரைக்கும் வெளியே உட்காருங்கம்மா என்று அனுப்பியிருக்கிறார்கள். உதடு இன்னும் என்னுடையதாகத்தான் இருக்கிறது. அதற்குள் பேசிவிடுகிறேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு அடைத்துவிடும்.

கீழ்க் கடவாய்ப்பல்லுக்குப் பொதுவாக இரண்டு வேர்தானாம். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. எனக்கு மட்டும் நாக்குப் பக்கமாக இன்னொன்று, சின்னதாக, வளைந்து, பின்வேருக்கு மறைவில் நிற்கிறதாம். அதற்குள்ளும் நரம்பு இருக்கும்தானே? மற்ற இரண்டையும் சுத்தம் பண்ணி அடைத்து, மேலே கேப்பும் மாட்டிவிட்டால், இது மட்டும் உள்ளே உயிரோடு கிடந்து துடிக்கத்தானே செய்யும்? துடித்தது. சபையில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோமே, போன அசனப் பண்டிகை, அதிலிருந்து துடித்தது.

இன்றைக்குக் கேப்பைக் கழற்றிவிட்டு அந்த வேரின் வாயைத் தேடப் போகிறார்கள். வழி கிடைத்தால் பல்லு இருக்கும். கிடைக்காவிட்டால் பிடுங்கத்தான் வேண்டுமாம். எனக்கு வலது பக்கம் மெல்லுகிற பல்லு ஏற்கெனவே போய்விட்டது. இதுவும் போனால் கஞ்சியும் ஊறவைத்த ரொட்டியும்தான். பரவாயில்லை, அதைத் தின்று எத்தனையோ பேர் உயிரோடு இருக்கிறார்கள். என் ஆத்திரம் சாப்பாட்டுக்காக இல்லை. என்னைப் பொய்க்காரி ஆக்கினார்களே, அதற்காக. இந்தப் பல்லு என் வாயில் நின்றால்தான் நான் சொன்னது நிஜம் என்று நிற்கும். பிடுங்கிப் போட்டுவிட்டால், ‘அப்பவே பிடுங்கியிருக்கலாம் ஆன்ட்டி’ என்று கிளாட்வின் சொல்லிவிட்டுப் போய்விடுவான்.

நான் கோபப்படுகிற ஆள் இல்லை. திசையன்விளைப் பக்கம் எங்கள் தெருவில் வந்து யாரை வேண்டுமானாலும் கேளுங்க, சுகிர்தம் சத்தம் போட்டு யாராவது கேட்டிருக்கிறார்களா என்று. காலையில் முழங்காலில் நின்று ஜெபித்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பேன். இரண்டு பிள்ளைகளை வளர்த்தேன், ஒரு அடி அடித்ததில்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில், அம்மா, எனக்குள்ளே என்னமோ கொதிக்கிறது. ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் ஆண்டவர் தெரியமாட்டேன் என்கிறார், கிளாட்வின் முகம்தான் தெரிகிறது.

கிளாட்வின் யார் என்று சொல்லவில்லையே. எங்கள் ஊர்ப் பல் டாக்டர். எங்கள் சபைப் பையன். ஞாயிறு பள்ளியில் என்னிடம்தான் படித்தான். வசனம் மனப்பாடம் சொல்ல வராமல் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அழுவான், நான்தான் மெதுவாக எடுத்துக் கொடுப்பேன். அவன் அம்மா லிடியாள் அக்கா எங்கள் பெண்கள் ஐக்கியத்துக்குத் தலைவி. அவன் கிளினிக் திறந்தபோது எங்கள் சபை ஐயர், பாதிரியார்தான், அவர் வந்து ஜெபம் பண்ணி, நாங்கள் எல்லோரும் பாட்டுப் பாடித்தான் கதவைத் திறந்தோம். அதற்குப் பிறகு சபையில் யாருக்குப் பல்வலி வந்தாலும் வேறு இடத்துக்குப் போக முடியுமா? போனால் லிடியாள் அக்கா முகத்தில் எப்படி முழிப்பது?

எனக்கு வலி வந்ததும் அவனிடம்தான் போனேன். பார்த்தான். வேர் சிகிச்சை பண்ணணும் ஆன்ட்டி என்றான். நல்லபடியாகத்தான் பண்ணினான், இல்லை என்று சொல்லமாட்டேன். பூப்போலக் கை. முடிந்ததும் மாத்திரை கொடுத்தான். வலி போய்விட்டது. சுத்தமாகப் போய்விட்டது.

அங்கேதான் நான் ஒன்று செய்துவிட்டேன்.

நீங்க எங்கள் ஆட்களா என்னவோ தெரியவில்லை. எங்கள் சபையில் காணிக்கைப் பாட்டுக்கு முன்னால், சாட்சி சொல்லுகிறவர்கள் எழுந்து நிற்கலாம். ஆண்டவர் எனக்கு இன்ன நன்மை செய்தார் என்று எல்லோர் முன்னாலும் சொல்லுவது. நான் அந்த ஞாயிற்றுக்கிழமையே எழுந்து நின்றேன். நான் ஞாயிறு பள்ளியில் வளர்த்த பிள்ளையின் கையை ஆண்டவர் நடத்தினார், என் வலியை வேரோடு எடுத்துப் போட்டார், இப்போது ஒரு துளி வலி இல்லை என்று சொன்னேன். வேரோடு என்றே சொன்னேன் பாருங்க. சபை முழுக்க ஸ்தோத்திரம் சொன்னது. லிடியாள் அக்கா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தாள். கிளாட்வின் ஆண்கள் பக்கம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான், காது மடல் சிவந்திருந்தது, சின்னப் பிள்ளையில் வசனத்தைச் சரியாகச் சொல்லிவிட்டால் சிவக்குமே, அது மாதிரி.

மாத்திரை தீர்ந்தது. அடுத்த நாள் காலையில் காபியை வாயில் வைத்தேன்.

அந்த வலியை உங்களுக்கு எப்படிச் சொல்ல? சூடு பட்டதும் வரும். காபியை விழுங்கிய பிறகும் போகாது. தாடையில் ஆரம்பித்துக் காதுக்குள் போய், காதிலிருந்து கண்ணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு அசையாது. பச்சைத் தண்ணீரை வாயில் அடக்கினால்தான் கொஞ்சம் இறங்கும். என் மகன் கில்பர்ட் எதிரில்தான் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என்னம்மா என்றுகூடக் கேட்கவில்லை. மருமகள் ஜெர்லின்தான் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அவள் வாய் பேசமாட்டாள். வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

கிளாட்வினிடம் போனேன். படம் எடுத்தான். வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினான்.

“ரெண்டு வேரும் அடிவரைக்கும் அடைச்சிருக்கு பாருங்க ஆன்ட்டி. நானே சொல்லக் கூடாது, புக்குல போடலாம், அவ்வளவு சுத்தமா வந்திருக்கு.”

“வலிக்குதே தம்பி.”

“படத்துல ஒண்ணும் இல்லையே.”

“சூடு பட்டா வலிக்குது தம்பி.”

“நரம்பை எடுத்தாச்சு ஆன்ட்டி. நரம்பு இல்லாத பல்லுக்குச் சூடு எப்படித் தெரியும்? செத்துப்போனவருக்கு வெயில் சுடுமா?”

உதவிக்கு நின்ற பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. நானும் சிரித்தேன். என்ன செய்ய, அவன் சிரிக்கச் சொல்லித்தான் அப்படிச் சொன்னான். வீட்டுக்கு வந்து தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன்.

மறுபடியும் போனேன். கேப் போட்டால் சரியாகிவிடும் என்றான். போட்டான். சரியாகவில்லை. இன்னொரு தடவை போனேன். அந்தத் தடவை படமே எடுக்கவில்லை. “ஆன்ட்டி, ராத்திரி தூக்கம் வருதா? வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா?” என்று கேட்டான். பல்லுக்கும் வீட்டில் எல்லோரும் நல்லா இருப்பதற்கும் என்ன சம்பந்தம்? நான் வீடு வந்து சேர்வதற்குள் கில்பர்ட்டுக்குப் போன் போய்விட்டது.

“யம்மா, கிளாட்வின் பேசினான். பல்லுல ஒண்ணும் இல்லையாம்.”

“அப்ப வலிக்கிறது?”

“உனக்கு வலிக்குன்னு தோணுது யம்மா.”

“தோணுறதுக்கும் வலிக்கிறதுக்கும் வித்தியாசம் தெரியாமலாலே உன்னைப் பெத்தேன்?”

அவன் செல்லைப் பார்த்துக்கொண்டே எழுந்து போய்விட்டான். ஓசூரில் இருக்கிற என் மகள் ஷைனி போனில் சொல்லுகிறாள், “நீ எதையும் நினைக்காம பாட்டுக் கேளும்மா” என்று. பாட்டா? காதுக்குள்ளேதான் வலி நிற்கிறது, எந்த வழியாகப் பாட்டுப் போகும்?

நான் பெற்ற பிள்ளைகள். காய்ச்சல் என்று அதுகள் வாயைத் திறப்பதற்கு முன்னால் நெற்றியில் கை வைத்தவள் நான். ஒருநாளாவது அம்மா சொல்லுகிறது உண்மையாக இருக்கும் என்று ஒன்றுக்கும் தோன்றவில்லையே. தெர்மாமீட்டர் கேட்டேனா நான் அதுகளிடம்?

ஜெர்லினா? கில்பர்ட் போன பிறகு அடுக்களை வாசலில் வந்து நின்றுகொண்டு கேட்டாள். “மாமி, எந்தப் பக்கம் வலிக்குது, கன்னத்துப் பக்கமா நாக்குப் பக்கமா?”

“நாக்குப் பக்கம்தான். ஏன்?”

“சும்மா கேட்டேன் மாமி.”

மறுநாளிலிருந்து என் காபியை நன்றாக ஆற்றி, வெதுவெதுப்புக்கூட இல்லாமல் கொண்டுவந்து வைத்தாள். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. வயதானவளுக்கு ஆறிப்போன காபியா என்று. பிறகு பேசாமல் குடித்தேன்.

அவளைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும், நீங்க ஒன்றும் நினைக்கவேண்டாம். நல்ல பிள்ளைதான். ஆனால் உடம்பு வணங்காது. மாதத்தில் அந்த நாட்கள் வந்துவிட்டால் சுருண்டு படுத்துவிடுவாள். வயிறு, இடுப்பு, தொடை, எல்லா இடமும் வலி என்பாள். எல்லாப் பெண்களுக்கும் வருகிறதுதானே? நான் அந்த நாளில் நெல் அவித்திருக்கிறேன், தண்ணீர் சுமந்திருக்கிறேன். அவளைக் கவனிக்காமலும் விடவில்லை. நானேதான் ஸ்கேன் எடுக்கக் கூட்டிக்கொண்டு போனேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். படத்திலேயே ஒன்றும் இல்லை, அப்புறம் என்ன வலி? ஜெபம் பண்ணு பிள்ளை, எழுந்து நடமாடு, போய்விடும் என்றேன். அன்பாகத்தான் சொன்னேன், அதட்டவில்லை. சரி மாமி என்று எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தாள். தேய்த்தாளா இல்லையா? அப்படியென்றால் முடிகிறதுதானே.

சரி, அதை விடுங்க. நான் என் பல்லுக்கு வருகிறேன்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளுவேன் அம்மா, லிடியாள் அக்கா செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் என்னைப் பார்த்தாள். நான் கன்னத்தில் ஈரத் துணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“என்ன சுகிர்தம், இன்னுமா?”

“இன்னும்தான் அக்கா.”

“சாட்சி சொன்ன வாயால இப்படிச் சொல்லலாமா?”

“வலிக்குதே அக்கா.”

“சுகம் கிடைச்சிட்டுன்னு சபையில எழுந்து சொன்னது நீதானே? இப்ப இல்லைன்னு சொன்னா, அன்னைக்குச் சொன்னது என்ன? பொய்யா? ஆண்டவர் செஞ்சதை இல்லைன்னு சொல்லுதியா, என் மகன் செஞ்சதை இல்லைன்னு சொல்லுதியா?”

இதற்கு என்ன பதில் சொல்ல? நீங்களே சொல்லுங்க. வேண்டாம், சொல்லாதீங்க, பஞ்சு. அதன் பிறகு அவள் எல்லோரையும் கூப்பிட்டாள். சுகிர்தத்துக்கு விசுவாசம் குறைஞ்சுபோச்சு, அவளுக்காகக் கை வைச்சு ஜெபிப்போம் என்றாள். பத்துப் பதினைந்து பெண்கள் என்னைச் சுற்றி நின்றுகொண்டார்கள். லிடியாள் அக்கா கையைத் தலையில் வைக்கக்கூடாதா? வலிக்கிற கன்னத்திலே வைத்தாள். ஜெபம் உச்சத்துக்குப் போகப் போக அழுத்தினாள். நான் அலறிவிட்டேன். அலறினேன் பாருங்க, அதையும் அவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டு இன்னும் சத்தமாக ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

அன்றிலிருந்து நான் வலிக்கிறது என்று யாரிடமும் சொல்லவில்லை. இடது பக்கம் பல்லு படாமல் முன்பல்லால் கொறித்துத் தின்றேன். சபையில் கேட்டால், நல்லா இருக்கேன் என்றேன். அதுதான் பொய். முதலில் சொன்ன சாட்சி பொய் இல்லை அம்மா, அன்றைக்கு நிஜமாகவே வலி இல்லை. நல்லா இருக்கேன் என்று சொன்னதுதான் பொய். அந்தப் பொய்க்கு மட்டும் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

பிறகு ஈறு வீங்கிவிட்டது. அப்போதுதான் ஜெர்லின் செல்லைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். பாளையங்கோட்டையில் வேர் சிகிச்சைக்கென்றே படித்த ஒரு டாக்டரம்மா இருக்காங்க மாமி, நான் பேசி நேரம் வாங்கிட்டேன், செவ்வாய்க்கிழமை போவோம் என்றாள். எப்போது தேடினாள், எப்போது பேசினாள், எனக்குத் தெரியாது. செல்லு பார்க்கிறதுக்கு மட்டும் உடம்பு நல்லாத்தான் இருக்கும் அவளுக்கு. ஆனாலும் கூட்டிக்கொண்டு வந்தாள், அதை மறைக்கமாட்டேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் என்னை உட்காரவைத்து, காற்று கன்னத்தில் படாமல் அவள் துப்பட்டாவை மடித்துக் கொடுத்தாள்.

செண்பகவல்லி டாக்டர் என்னிடம் முதலில் படத்தைக் கேட்கவில்லை. “எப்ப வலிக்கும்மா?” என்றார்கள். சூடு பட்டால் என்றேன். “சூடு போன பிறகும் நிக்குதா?” நிக்குது என்றேன். “பச்சைத் தண்ணி பட்டா இறங்குதா?” ஆமாம் என்றேன். அவர்கள் தலையை ஆட்டினார்கள். யாரும் இதையெல்லாம் கேட்டதே இல்லை அம்மா. நான் சொல்லச் சொல்ல, ஒருத்தர் தலையை ஆட்டுகிறார். எனக்குப் பாதி வலி அப்போதே போய்விட்டது.

பிறகு படம் எடுத்தார்கள். நேராக ஒன்று எடுத்துவிட்டு, அந்தப் படம் எடுக்கிற குழாயை ஒரு பக்கமாகச் சரித்து இன்னொன்று எடுத்தார்கள். எனக்குக் கம்ப்யூட்டரில் காட்டினார்கள். நேராக எடுத்ததில் இரண்டே இரண்டு வேர், கிளாட்வின் அடைத்தது வெள்ளை வெளேரென்று தெரிகிறது. சரித்து எடுத்ததில், பின்வேருக்குப் பக்கத்திலிருந்து, திரைக்குப் பின்னால் நிற்கிற ஆள் தலையை நீட்டுகிற மாதிரி, இன்னொன்று.

“இதுதாம்மா. நேரா எடுத்தா இது அந்த வேருக்குப் பின்னால போயிடும். படத்துல விழாது. இடத்தை மாத்தி நின்னு பாத்தாத்தான் தெரியும். இதை யாரும் தொடவே இல்லை. உங்களுக்கு ரொம்ப வலிச்சிருக்கும்.”

ரொம்ப வலிச்சிருக்கும். அவ்வளவுதான் சொன்னார்கள். வாயில் எச்சில் உறிஞ்சுகிற குழாயை வைத்துக்கொண்டே நான் அழுதேன். நர்ஸ் பிள்ளை பயந்துபோய்க் குழாயை எடுத்துவிட்டது.

அந்த நேரத்தில் பாருங்க, இந்த ஜெர்லின் ஓரமாக நின்றுகொண்டிருந்தவள் குறுக்கே ஒரு கேள்வி கேட்கிறாள். “டாக்டர், படத்துல ஒண்ணுமே தெரியாமலும் வலி இருக்குமா? பல்லுல மட்டும்தானா, உடம்புல மத்த இடத்துலயுமா?”

டாக்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். “இருக்கும்மா. தாராளமா இருக்கும். ஏன் கேக்குறீங்க?”

இவள் என்னைப் பார்த்தாள். “சும்மாதான் டாக்டர்” என்று சொல்லிவிட்டாள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. என் பல்லைப் பற்றி இத்தனை நாளைக்குப் பிறகு ஒருத்தர் நல்ல வார்த்தை சொல்லுகிறார்கள், நான் அழுதுகொண்டிருக்கிறேன், அந்த நேரத்தில் இவளுக்கு எதற்கு ஊர்க் கேள்வி? பஸ்ஸில் வரும்போது சொன்னேன், பெரியவங்க பேசிட்டிருக்கும்போது இடையில பேசக் கூடாது பிள்ளை என்று. சரி மாமி என்றாள்.

ஊருக்குப் போனதும் நேராகக் கிளாட்வின் கிளினிக்குக்குப் போனேன். படத்தை ஜெர்லின் செல்லில் பிடித்து வைத்திருந்தாள். அவன் முன்னால் நீட்டினேன். பார்த்தான். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். முகம் சுருங்கிவிட்டது.

“சாரி ஆன்ட்டி. ஆனா இது ரொம்ப அபூர்வம். படிச்சிருக்கேன், நேர்ல பார்த்ததில்லை.”

ஆனா என்றான் பாருங்க. சாரி போதாதா, அதற்குப் பின்னால் ஒரு ஆனா எதற்கு? உன்னை நான் வேர் தெரியவில்லை என்று குறை சொல்ல வரவில்லை தம்பி என்றேன். வேர் ஒளிந்துகொண்டால் நீ என்ன செய்வாய்? நான் ஒளியவில்லையே. உன் முன்னால்தானே வந்து வந்து உட்கார்ந்தேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டுதானே உட்கார்ந்தேன். ஆன்ட்டி, எனக்குத் தெரியலை, ஆனா உங்களுக்கு வலிக்குது என்று சொல்ல என்ன குறைந்துபோகும்? அந்த இடத்தில் ஒரு ஆனா போட்டிருந்தால் நான் உன்னைக் கும்பிட்டிருப்பேனே.

இதையெல்லாம் சத்தம் போட்டுச் சொன்னேனா, மனதுக்குள் சொன்னேனா, எனக்கே சரியாக ஞாபகம் இல்லை. சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். மாலையில் லிடியாள் அக்கா போன் பண்ணினாள். “நீ எங்களைக் கேக்காம வெளியூர் டாக்டர்கிட்ட போனது மனசுக்குக் கஷ்டமா இருக்கு சுகிர்தம்” என்றாள். அவளுக்குக் கஷ்டமாம். அவளுக்கு எங்கே கஷ்டம், படத்தில் தெரிகிறதா என்று கேட்டிருக்க வேண்டும். அந்த நேரத்தில் வரவில்லை. போனை வைத்த பிறகுதான் வந்தது.

உங்களிடம் சொல்லுகிறேன், யாரிடமும் சொல்லவேண்டாம். முந்தாநாள் நான் ஒரு ஜெபம் பண்ணினேன். ஆண்டவரே, கிளாட்வினுக்கு இந்த வலியை ஒரே ஒரு நாள் கொடும், முழு நாள்கூட வேண்டாம், காலையில் காபி குடிக்கிற நேரம் மட்டும் போதும் என்று. ஆமென் சொல்லிவிட்டேன். பிறகு பயம் வந்துவிட்டது. சின்னப் பிள்ளையில் என் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அழுதவன்தானே. திரும்ப முழங்காலில் நின்று, அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம் ஆண்டவரே என்று கேட்டுக்கொண்டேன். ஆனால் லிடியாள் அக்கா பெயரை இரண்டு ஜெபத்திலும் நான் சொல்லவில்லை. அவளை ஆண்டவர் கையில் விட்டுவிட்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் மறுபடியும் எழுந்து நிற்கப் போகிறேன். யார் தடுத்தாலும் நிற்பேன். எனக்கு வலித்தது, நீங்கள் ஜெபித்தபோதும் வலித்தது, நல்லா இருக்கேன் என்று நான் சொன்னபோதும் வலித்தது, இதோ இந்தப் பல்லுதான் என்று வாயைத் திறந்து காட்டுவேன். அதற்குத்தான் பல்லு வேண்டும் என்று கேட்கிறேன். வழி கிடைக்க வேண்டும் என்று ஜெபிக்கிறேன்.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை அம்மா. நான் பெரிய படிப்புப் படிக்கவில்லை, எட்டாம் வகுப்பு. ஆனால் ஒருத்தி வலிக்கிறது என்று வந்து நின்றால், எதற்காகப் படத்தைப் பார்க்க வேண்டும்? அவள் முகத்தைப் பார்த்தால் போதாதா? ஒரே வீட்டில் இருக்கிறவர்கள், ஒரே பாத்திரத்தில் சோறு எடுத்துச் சாப்பிடுகிறவர்கள், அவர்களுக்குமா தெரியாது? கண் என்று ஒன்று எதற்காக ஆண்டவர் வைத்தார்?

இப்போது உதடு கனக்கிறது. இந்தா, தொட்டுப் பார்க்கிறேன், ஒன்றுமே தெரியவில்லை. வேறு யாருடைய கன்னமோ மாதிரி இருக்கிறது. கிள்ளினாலும் தெரியவில்லை. இவ்வளவு நாளில் முதல்முறையாக அந்த இடம் சும்மா இருக்கிறது.

என் பெயரைத்தான் கூப்பிடுகிறார்கள். வந்துட்டேம்மா, ஒரு நிமிசம்.

உங்களிடம் ஒன்று கேட்கட்டுமா? உள்ளே கைப்பையைக் கொண்டுபோகக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். மூக்குக் கண்ணாடியும் இதற்குள் போட்டிருக்கிறேன். அதோ, கண்ணாடிக் கதவுக்கு வெளியே படியில் ஒரு பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தலை முழங்காலில் படுகிற மாதிரிக் குனிந்து உட்கார்ந்திருக்கிறாளே, பச்சைச் சுடிதார், அதுதான் ஜெர்லின். காலையிலேயே முடியலை மாமி, நாளைக்குப் போவோமா என்றாள். டாக்டர் கொடுத்த நேரத்தை மாற்ற முடியுமா, கிளம்பு என்றேன். உள்ளே மருந்து வாடை குமட்டுகிறது என்று படியில் போய் உட்கார்ந்துவிட்டாள். இந்தப் பையை அவளிடம் கொடுத்துவிடுங்க. நீங்க வாயைத் திறக்கவேண்டாம், பஞ்சு இருக்கிறது. கொஞ்சம் நிமிர்ந்து உட்கார் என்று கையை மட்டும் காட்டுங்க. போகிறவர்கள் வருகிறவர்கள் பார்த்தால், அவளுக்கு என்னமோ செய்கிறது என்று நினைத்துக்கொள்ளுவார்கள்.